தம்பி பணம் போடுகிறான்: எல்.எல்.சி.யா, கார்ப்பரேஷனா?

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் இருக்கிறேன், கிரீன் கார்டு உண்டு. வாடகைக் கிச்சனில் கேட்டரிங் தொடங்கப் போகிறேன். செலவு போக வருஷம் 60,000 டாலர் நிற்கும் என்று கணக்கு. கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி 30,000 டாலர் போட்டுக் கால் பங்கு கேட்கிறான். எல்.எல்.சி. போதுமா, கார்ப்பரேஷன் வேண்டுமா?

பதில்: முதலில் தம்பியின் பங்கை முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான். நீங்கள் ஒருவரே உரிமையாளர் என்றால் தயங்காமல் எல்.எல்.சி. (உரிமையாளரின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனம்) போடுங்கள். யாராவது வழக்குப் போட்டால் உங்கள் வீடும் சேமிப்பும் தப்பிப்பது இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், வித்தியாசம் வரியில் இருக்கிறது. சாதாரண சி கார்ப்பரேஷனில் லாபத்துக்குக் கம்பெனி 21 சதவீதம் கூட்டாட்சி வரி கட்டும், மீதியை டிவிடெண்டாக எடுக்கும்போது நீங்கள் மறுபடி கட்ட வேண்டும். வருகிற பணத்தில் வீட்டுச் செலவைப் பார்க்கிறவருக்கு இது வீண் சுமை. வெஞ்சர் முதலீட்டாளர்களைத் தேடும் மென்பொருள் கம்பெனிக்கு டெலவேர் மாநிலத்தில் பதிந்த சி கார்ப் சரி, உங்களுக்கு அது வேண்டாம். அங்கே எல்.எல்.சி. பதிந்தாலும் தொழில் நடக்கும் நியூஜெர்சியிலும் பதிய வேண்டும், டெலவேருக்கு வருஷம் 300 டாலர் தனி.

எல்.எல்.சி.யில் லாபம் நேராக உங்கள் வரிக்கணக்குக்கு வரும். வருமான வரி போக 15.3 சதவீத சுயதொழில் வரியும் உண்டு. 60,000-க்கு அது மட்டும் சுமார் 8,500 டாலர், அதற்கு இப்போதே ஒதுக்கி வையுங்கள். பின்னால் லாபம் நன்றாக ஏறினால் அதே எல்.எல்.சி.யை வைத்துக்கொண்டே 2553 படிவம் கொடுத்து எஸ் கார்ப்பாக (லாபத்துக்குக் கம்பெனி தனியாகக் கட்டாமல் உரிமையாளரே வரி கட்டும் முறை) வரி கட்டலாம்: வேலைக்கு நியாயமான சம்பளத்தை எடுத்துக்கொண்டால் மீதி லாபத்துக்கு அந்த 15.3 கிடையாது. ஆனால் சம்பளப் பட்டியல், தனி ரிட்டர்ன் என்று செலவு கூடும், 60,000-க்கு நான் அவசரப்பட மாட்டேன்.

இங்கேதான் தம்பி குறுக்கே வருகிறார். எஸ் கார்ப்பில் பங்குதாரர் அமெரிக்கக் குடிமகனாகவோ வரிச் சட்டப்படி இங்கே வசிப்பவராகவோ இருந்தாக வேண்டும், கோயம்புத்தூரில் இருப்பவர் ஒரு பங்கு வைத்திருந்தாலும் அந்த வழி அடைபட்டுவிடும். எல்.எல்.சி.யில் அவர் சேரலாம், தடை இல்லை, ஆனால் அது கூட்டு நிறுவனமாகி 1065 என்ற கூட்டு நிறுவன வரி ரிட்டர்ன் போட வேண்டும், அவர் பங்கு லாபத்தில் 37 சதவீதத்தை நீங்கள் பிடித்து அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு முன்கூட்டியே கட்ட வேண்டும், அதில் அதிகப்படியானதைத் திரும்ப வாங்க அவர் வருஷாவருஷம் இங்கே வெளிநாட்டில் வசிப்பவருக்கான 1040-என்.ஆர். ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும், இந்தியாவில் வெளிநாட்டுச் சொத்தாகவும் காட்ட வேண்டும். 30,000 டாலருக்கு இவ்வளவு தலைவலியா? பங்குக்குப் பதில் கடனாகக் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். வட்டி, தவணை எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள், அக்கா தம்பிதானே என்று வாய்ப்பேச்சோடு விடாதீர்கள், நாளை மனஸ்தாபம் வந்தால் அந்தக் காகிதம்தான் உறவைக் காப்பாற்றும். வட்டிக்கு வரி பிடித்தம் வரக்கூடும், பணத்தை அனுப்பும் முன் இங்கே ஒரு சி.பி.ஏ.வையும் (அமெரிக்க உரிமம் பெற்ற கணக்காளர்) அங்கே ஒரு ஆடிட்டரையும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு கட்டாயம். மளிகைக்கும் பிள்ளை ஸ்கூல் ஃபீஸுக்கும் ஒரே கார்டைத் தேய்த்தால் எல்.எல்.சி. தரும் பாதுகாப்பையே நீதிமன்றம் தள்ளிவிடலாம். கிச்சன் வாடகை ஒப்பந்தத்தில் தனிப்பட்ட உத்தரவாதம் கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், அதில் கையெழுத்துப் போட்டால் அந்த வாடகைக்கு நீங்களே பொறுப்பு, எல்.எல்.சி. காப்பாற்றாது. சாப்பாட்டுத் தொழில் என்பதால் பொறுப்புக் காப்பீடு எடுக்காமல் முதல் ஆர்டரை வாங்காதீர்கள்.