மத்தியானம் ஒரு மணிக்குக் கத்தும் பஞ்சு

கேள்வி: எங்கள் வீட்டில் 'பஞ்சு' என்றொரு காக்டெயில் (cockatiel) என்கிற கொண்டைக் கிளி இருக்கிறது. மூன்று வயது. நானும் கணவரும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப ஏழு மணி ஆகிவிடும். இதுவரை மாமியார் வீட்டில் இருந்தார். மத்தியானம் ஒரு மணிக்கு அவர் சாப்பிட உட்காரும்போது கூண்டைத் திறந்துவிடுவார். பஞ்சு தட்டோரம் வந்து உட்கார்ந்து கூடவே சாப்பிடும். கொழுந்தன் வீட்டில் குழந்தை பிறந்ததால் அத்தை போன மாதம் கும்பகோணம் போய்விட்டார். பொங்கலுக்குத்தான் வருவார். இப்போது கிண்ணம் நிறையத் தீனி போட்டுவிட்டுப் போகிறோம். சாயங்காலம் வந்து பார்த்தால் கிண்ணம் அப்படியே நிறைந்திருக்கிறது. ஆனால் ஒரு மணியானால் விடாமல் கத்துகிறது என்று கீழ் வீட்டில் சொல்கிறார்கள். நேரம் வைத்தால் தானாகவே தீனி கொட்டும் மெஷின் ஒன்று பார்த்தேன். வாங்கலாமா?

— ஒரு வாசகி, குரோம்பேட்டை

பதில்: மெஷின் இருக்கட்டும். இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அந்த 'நிறைந்த' கிண்ணத்தைக் கையில் எடுத்து, பால்கனியில் நின்று ஒரு ஊது ஊதுங்கள்.

பறந்து போனால் அது உமி. காக்டெயில் தினையையோ கம்பையோ அப்படியே விழுங்காது. அலகுக்குள் நாக்கால் உருட்டி, தோலை உரித்து, உள்ளே இருக்கும் பருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு தோலை அதே கிண்ணத்தில் உதிர்த்துவிடும். தின்னத் தின்ன மேலே உமி சேர்ந்துகொண்டே போகும். எட்ட நின்று பார்த்தால் காலையில் போட்டது போட்டபடி இருக்கிற மாதிரிதான் தெரியும். பக்கத்தில் போய் இரண்டு மணியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால்தான் அவை குட்டிப் படகுபோல் பிளந்த வெறும் கூடு என்று புரியும்.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் மதுரை போயிருந்தேன். எதிர் வீட்டுப் பையனிடம் சாவியைக் கொடுத்து, "கிண்ணம் காலியானால் தீனி போடுடா" என்று சொல்லிவிட்டுப் போனேன். சொன்னதைச் சரியாகச் செய்தான். கிண்ணம் காலியாகவே இல்லை, அதனால் போடவில்லை. திரும்பி வந்தபோது கிண்ணம் நிறைய உமி. என் கிளி தரையில் இறங்கி, கூண்டின் அடியில் விரித்திருந்த பேப்பரைக் கிளறிக்கொண்டிருந்தது. பிழைத்துக்கொண்டது, அதன் அதிர்ஷ்டம். தப்பு பையனுடையது இல்லை. 'காலியானால்' என்று சொன்ன என்னுடையது. இப்போதெல்லாம் யாரிடம் சொன்னாலும், "பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடு" என்றுதான் சொல்கிறேன்.

சரி, ஊதியும் பறக்கவில்லை, மணி மணியாகவே இருக்கிறது என்றால் விஷயம் வேறு. பஞ்சு நிஜமாகவே சாப்பிடவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்த வரையில் உமிதான் என்று என் ஊகம்.

அடுத்து அந்த ஒரு மணி. பஞ்சுவின் சொந்தக்காரர்கள் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதிகளில் திரிகிறவர்கள். விடிந்ததும் கூட்டமாகத் தரையில் இறங்கிப் புல் விதை பொறுக்குவார்கள். வெயில் ஏறினால் மரத்தில் ஒதுங்கிவிடுவார்கள். வெயில் தாழ்ந்த பிறகு இன்னொரு முறை இறங்குவார்கள். மத்தியானச் சாப்பாடு என்பது கிளி வழக்கமே இல்லை, நம் வழக்கம். பஞ்சுவுக்கு அதைப் பழக்கியது உங்கள் அத்தையின் தட்டு. கூட்டத்தில் ஒன்று தின்றால் மற்றதும் தின்னும். ஒரு மணிக்கு அது கத்துவது பசிக்காக என்பதைவிட, "எங்கே போனீர்கள்? பந்தி போட்டாயிற்றா?" என்று கூட்டத்தைக் கூப்பிடுவது என்றே நான் எடுத்துக்கொள்வேன். மெஷின் தீனி கொட்டும், பதில் குரல் கொடுக்காது.

ஆகவே சாப்பாட்டை நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு நகர்த்துங்கள். எழுந்ததும், ஆறு ஆறரைக்கு, கூண்டின் துணியை விலக்கி முதல் தீனி. நீங்கள் இட்லி சாப்பிடும்போது கூண்டு பக்கத்திலேயே இருக்கட்டும். நறுக்கிய காய், கீரை, பழமெல்லாம் இந்த வேளைக்குத்தான்: துருவிய கேரட், ஒரு துண்டு பரங்கிக்காய், ஒரு கொத்து முருங்கைக்கீரை, முளைகட்டிய பச்சைப்பயறு கொஞ்சம். வெறும் விதை மட்டுமே தின்று வளரும் கிளிக்கு வைட்டமின் ஏ-யும் கால்சியமும் குறைந்துபோகும். சூரியகாந்தி விதை கொழுப்பு, ஆசைக்கு நாலைந்து போதும். எட்டரைக்குக் கிளம்பும்போது ஈரமான எதையும் கூண்டில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. சென்னை வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த பப்பாளியை நாம் தொடமாட்டோம், அதுவும் தொடக் கூடாது. ஏழு மணிக்கு வந்ததும் உமியைக் கொட்டிவிட்டு இரண்டாவது வேளை. நீங்கள் காபி குடிக்கிற நேரம் அதற்குத் தீனி நேரம். (காபி அதற்கு வேண்டாம். சாக்லேட், வெண்ணெய்ப் பழம் எனப்படும் அவகாடோ, வெங்காயம் எல்லாமே கிளிக்கு விஷம்.) எட்டரை ஒன்பதுக்குள் துணி மூடித் தூங்கவிடுங்கள்.

ஒரு காக்டெயிலுக்கு உலர்ந்த தீனி நாளைக்கு 10 முதல் 15 கிராம் வரை போதும். அதில் பெரும்பங்கு காலையிலும் மாலையிலும் போகட்டும். பகல் முழுக்கக் கிண்ணத்தைக் காலியாக வைக்கவும் வேண்டாம், சின்னப் பறவை ரொம்ப நேரம் வெறும் வயிற்றில் தாங்காது. பகலுக்கான பங்கைச் சும்மா கொட்டாமல், தேடி எடுக்கிற மாதிரி வையுங்கள் என்கிறேன்.

அத்தையிடம் பழைய பல்லாங்குழி இருக்கிறதா? மரத்தில் செய்தது, வார்னிஷ் அடிக்காதது. பித்தளைப் பல்லாங்குழி வேண்டாம், அதில் கிளிக்கு விஷமான துத்தநாகம் உண்டு, கிளி கடித்துக்கொண்டே இருக்கும். கூண்டுக்குள் அடங்குகிற சின்னதாக இருந்தால் அடித்தட்டில் வைத்து, பகல் பங்குத் தினையை நாலு குழியில் மட்டும் பிரித்துப் போடுங்கள். முதல் நாள் திறந்தே இருக்கட்டும். மறுநாள் வெள்ளைக் காகிதத்தைக் கசக்கிக் குழியின் மேல் பாதி மூடுங்கள். மூன்றாம் நாள் முழுக்க மூடுங்கள். அப்புறம் எந்தக் குழியில் இருக்கிறது என்று மாற்றிக்கொண்டே வாருங்கள். பஞ்சு முதலில் கொண்டையை விறைப்பாகத் தூக்கிக்கொண்டு எட்ட நின்று பார்க்கும், பயம்தான். ஒரு காகித உருண்டையைத் தூக்கி எறிந்து, கீழே ஒரு மணியைக் கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு முழுக்க அதே வேலையாக இருக்கும். பல்லாங்குழி இல்லையென்றால் அகலமான மண்தட்டு ஒன்றில் காகிதச் சுருள்களோடு கலந்து தூவுங்கள், அதுவும் சரி. ஸ்டேப்ளர் பின், நூல், சணல் எதுவும் கூடாது. பிரிந்த நூல் கால் விரலில் சுற்றிக்கொண்டால் நீங்கள் வருவதற்குள் விரல் கறுத்துவிடும்.

முதல் தடவை இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். பல்லாங்குழியை வைத்துவிட்டு நீங்கள் உள் அறையில் இருங்கள். ஒரு மணிக்குக் கத்தும். கத்துகிற நேரத்தில் ஓடி வராதீர்கள். அடங்கிய பிறகு வாருங்கள். அன்று உங்கள் மத்தியானச் சாப்பாட்டில் பங்கும் வேண்டாம். திங்கள் முதல் சனி வரை பழகியதை ஞாயிற்றுக்கிழமைப் பந்தி ஒன்றே கெடுத்துவிடும். இரண்டு மூன்று வாரம் கீழ் வீட்டாரிடம் பொறுமை கேளுங்கள். ஒரு டப்பா முறுக்கோடு கேட்டால் நல்லது. சன்னமாக ரேடியோ ஓடவிடலாம், ஆள் அரவம் இருக்கிற மாதிரி இருக்கும்.

தண்ணீர் இரண்டு பாத்திரத்தில், தீனிக்கும் உட்காரும் குச்சிக்கும் நேர் கீழே வராத இடத்தில். எச்சம் விழுந்தால் ஒன்றாவது மிஞ்சும். பந்து வைத்த பாட்டில் என்றால் கிளம்புமுன் விரலால் தட்டிச் சொட்டு வருகிறதா பாருங்கள், சிக்கிக்கொள்ளும். எறும்பு வந்தால் கூண்டு ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். எறும்புச் சாக்பீஸ் கோடு போடவே போடாதீர்கள்.

மெஷினைப் பற்றிக் கேட்டீர்கள். உலர்ந்த தீனிக்கு மட்டும், அதுவும் பேட்டரியில் ஓடுவதாக இருந்தால், என்றைக்காவது நீங்கள் வர ஒன்பது மணி ஆகிற நாளுக்கு உதவும். ஒரு வாரம் நீங்கள் வீட்டில் இருக்கும்போதே ஓடவிட்டு, தினை அடைத்துக்கொள்கிறதா என்று பார்த்த பிறகு நம்புங்கள். முழுக்க அதை நம்பி ஊருக்குப் போகாதீர்கள். துணைக்கு இன்னொரு கிளி வாங்கலாமே என்று அடுத்துத் தோன்றும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை வேறு உங்களுக்குப் பக்கம்! இப்போது வேண்டாம். புதுப் பறவையை ஒரு மாதமாவது தனி அறையில் வைத்து நோய் இல்லை என்று பார்க்க வேண்டும். உங்களுக்கு இப்போது இருக்கிற நேரத்தில் அது நடக்காது. அரைத்துக் குளிகையாக்கி விற்கும் பெல்லட் தீனிக்கு மாற்றுவதும் இப்போது வேண்டாம். பழகாத தீனியைத் தீனி என்றே அறியாமல், நிறைந்த கிண்ணத்தின் பக்கத்தில் பட்டினி கிடக்கிற கிளிகள் உண்டு.

பச்சைக்கிளி வைத்திருக்கும் வாசகர்கள் இதைப் படித்துவிட்டு எனக்கு எழுதுவார்கள் என்று தெரியும். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள் என்பதற்கு மேல் என்னிடம் யோசனை இல்லை.

இப்போது, கிண்ணத்தை ஊதியும் பறக்காத நிலைமை. கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, காலையில் எச்சம் போட்ட பிறகு, தீனிக்கு முன், பஞ்சுவை அதன் மேல் உட்காரவையுங்கள். வளர்ந்த காக்டெயில் சாதாரணமாக 80 முதல் 100 கிராம் இருக்கும். தினமும் எழுதி வையுங்கள். 90 கிராம் இருந்தது 81-க்கு இறங்கினால் அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம். இறகைப் புசுபுசுவென்று விட்டுக்கொண்டு குச்சியில் ஏறாமல் அடியில் உட்கார்ந்திருந்தாலோ, எச்சம் குறைந்து கரும்பச்சையாகப் போனாலோ எடைகூடப் பார்க்க வேண்டாம், அன்றே கிளம்புங்கள். நோயை மறைப்பதில் பறவைகள் கெட்டிக்காரர்கள், வெளியே தெரியும்போது முற்றியிருக்கும். பறவை பார்க்கும் டாக்டர் பக்கத்தில் இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

பொங்கலுக்கு அத்தை வந்ததும் பஞ்சு நேராகத் தட்டோரம் போய் உட்காரும். போகட்டும், பக்கத்தில் அதற்கென்று ஒரு தனித் தட்டில் தினை வைத்துவிடுங்கள். சாம்பார் சாதத்தில் உப்பு, மோர் சாதத்தில் உப்போடு பாலும், இரண்டுமே அதற்கு ஆகாது. உப்பில்லாத வெறும் சோறு நாலு பருக்கை பரவாயில்லை. எடுத்துச் சொல்வது என்னவோ சுலபம். "இத்தனை நாள் என் கையால் தின்று செத்தா போச்சு?" என்று அத்தை கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதை மட்டும் தயவுசெய்து எனக்கு எழுதிக் கேட்காதீர்கள். என் மாமியாருக்கே நான் இன்னும் பதில் சொல்லவில்லை.