ரிலேயை எத்தனை ஆம்பியரில் வைப்பது?

கேள்வி: தும்பு அடிக்கும் மெஷினுக்கு ஏழரை ஹெச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (மோட்டாரை ஸ்டார் இணைப்பில் கிளப்பி, பிறகு டெல்டாவுக்கு மாற்றுவது). மோட்டார் தகட்டில் 11 ஆம்பியர் என்று இருக்கிறது. மோட்டார் அளவுக்கு மீறி கரண்ட் இழுத்தால் நிறுத்த வேண்டிய ஓவர்லோடு ரிலேயையும் 11-இல்தான் வைத்திருந்தோம். 32 ஆம்பியர் எம்.சி.பி.யும் உண்டு. எதுவும் டிரிப் ஆகாமலே காயில் எரிந்துவிட்டது. ஏன்?
– வாசகர், ஈத்தாமொழி

பதில்: தகட்டில் உள்ள 11, லைன் கரண்ட், அதாவது சப்ளை வயரில் வருவது. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே பெரும்பாலும் மெயின் கான்டாக்டருக்கு (ஸ்டார்ட்டருக்குள் சப்ளையை இணைக்கும் சுவிட்ச்) கீழே, மோட்டாருக்குப் போகும் ஆறு வயர்களில் மூன்றில் இருக்கும். டெல்டாவில் ஓடும்போது அந்த வயர்களில் லைன் கரண்டின் 58 சதவீதமே போகும். ஆக 11 × 0.58 = 6.4, டயல் நிற்க வேண்டிய இடம் அதுதான். 11-இல் வைத்தால், லைனில் 19 ஆம்பியர் இழுத்தாலும் ரிலே சும்மா இருக்கும். காயில் தாங்குமா?

சந்தேகமிருந்தால், லோடு ஓடும்போது ரிலேயிலிருந்து வெளியே வரும் வயரிலும், ஸ்டார்ட்டருக்குள் வரும் லைனிலும் கிளாம்ப் மீட்டர் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு காட்டினால் உங்கள் ரிலே லைனில் இருக்கிறது. அப்போது 11 சரி. இல்லையென்றால் 4.5–7.5 ரேஞ்ச் ரிலே வாங்குங்கள்.

எம்.சி.பி.யை நம்ப வேண்டாம். அது கேபிளுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான். 32 ஆம்பியர் எம்.சி.பி., 36 ஆம்பியர் ஒரு மணி நேரம் போனாலும் விழாது.

சரியாக வைத்த பிறகு, கனமான டிரம் வேகமெடுப்பதற்குள் ரிலே விழுந்தால் டயலை ஏற்றாதீர்கள் (பலரும் அதைத்தான் செய்கிறார்கள்). கிளாஸ் 10-க்குப் பதில், விழக் கூடுதல் நேரம் எடுக்கும் கிளாஸ் 20 ரிலே போடலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்தால் டிரம்மில் கதம்பல் (தேங்காய் மட்டை) சிக்கியதா, பேரிங் இறுகியதா, வோல்டேஜ் குறைந்ததா என்று பாருங்கள். கடற்காற்றில் பச்சை பிடித்த, லூசான டெர்மினலின் சூடும் ரிலேயைத் தட்டிவிடும்.

ரீசெட் 'மேனுவல்' நிலையிலேயே இருக்கட்டும். ஆட்டோ சுவிட்ச் (மோட்டாரைத் தானாகவே ஸ்டார்ட் செய்வது) உள்ள ஸ்டார்ட்டரில் ரிலே தானாக ரீசெட் ஆனால், சிக்கலை எடுக்கக் கை விட்டிருக்கும்போது மெஷின் கிளம்பிவிடும்.

கேள்வி: ரப்பர் ஷீட் ரோலரின் சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்கு த்ரீ ஃபேஸ் ரிலே போட்டோம். லோடு இல்லாமலே விழுகிறது.
– வாசகர், குலசேகரம்

பதில்: ரிலேயின் மூன்று போல்களில் (கரண்ட் போகும் வழிகளில்) இரண்டில் மட்டும் வயர் கொடுத்திருப்பீர்கள், ஒரு ஃபேஸ் போய்விட்டதாக ரிலே எடுத்துக்கொள்கிறது. ஃபேஸ் வயர் முதல் போல் வழியாகப் போய், அங்கிருந்து இரண்டாவதன் மேல்முனைக்கும், பிறகு மூன்றாவதற்கும் லூப் ஆகி மோட்டாருக்குப் போகட்டும். டயல் தகட்டு ஆம்பியரிலேயே நிற்கலாம்.