அந்த இரண்டு வெள்ளி யாருடையது?

கேள்வி: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு பதக்கம் வாங்கியபோது, ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் "சுதந்திர இந்தியாவில் இதுதான் முதல்முறை" என்று அழுத்திச் சொன்னார்கள். அப்படியென்றால் சுதந்திரத்துக்கு முன்னால் யாராவது வாங்கியிருக்கிறார்களா?
(திண்டுக்கல் வாசகர்)

பதில்: வாங்கியிருக்கிறார், அதுவும் இதே பாரிஸில். பெயர் நார்மன் பிரிட்சார்ட். 1900 ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் ஒரு வெள்ளி, 200 மீட்டர் தடை ஓட்டத்தில் இன்னொரு வெள்ளி. கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலேயர், செயின்ட் சேவியர் கல்லூரியில் படித்தவர். 1894-லிருந்து 1900 வரை வங்காளத்தின் 100 கஜ ஓட்டப் பட்டத்தைத் தொடர்ந்து ஏழு வருடம் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஓட்டம் மட்டும் இல்லை, கால்பந்திலும் கெட்டிக்காரர். 1897-ல் சேவியர் அணிக்காக சோவாபஜார் அணியை எதிர்த்து மூன்று கோல் போட்டார். இந்தியாவில் ஒரு பொதுப் போட்டியில் விழுந்த முதல் ஹாட்ரிக் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அப்புறம், பதக்கக் கதையில் எல்லாரும் தாண்டிப் போகிற ஒரு விஷயம்: 1900 முதல் 1902 வரை அவர் இந்தியக் கால்பந்து சங்கத்தின் செயலாளர். பெயரில் இந்தியா இருந்தாலும் அது 1893-ல் கல்கத்தாவில் தொடங்கிய சங்கம், இன்றைக்கும் மேற்கு வங்கக் கால்பந்தை நடத்துவது அதுதான். 1911-ல் மோகன் பகான் வெறுங்காலோடு ஆடி வெள்ளைக்கார ராணுவ அணியைத் தோற்கடித்து வாங்கியதே ஒரு ஷீல்டு, அது இந்தச் சங்கத்தின் ஷீல்டுதான். ஒலிம்பிக்கில் ஜெயித்த கையோடு ஒருவர் ஊர்க் கால்பந்தை நடத்தும் வேலையையும் எடுத்துச் செய்தார் என்பது எனக்கு அந்த இரண்டு வெள்ளிக்குக் குறைவாகத் தெரியவில்லை.

கேள்வி: பிரிட்டன்காரர் வாங்கியதை நம் கணக்கில் சேர்ப்பது சரியா?
(அதே வாசகர்)

பதில்: இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அவரை இந்தியா என்றுதான் எழுதி வைத்திருக்கிறது, சர்வதேசத் தடகள அமைப்போ 2004 ஒலிம்பிக்குக்குப் பிறகு வெளியிட்ட புள்ளிவிவரத்தில் பிரிட்டன் என்று போட்டது. பாரிஸுக்குச் சற்று முன் லண்டனில் நடந்த இங்கிலாந்துச் சாம்பியன்ஷிப்பில் அவர் தடை ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தார், அதை வைத்து பிரிட்டன் அணியில் போனார் என்பது அந்தப் பக்கத்து வாதம்.

ஆனால் 1900 ஒலிம்பிக்கை இன்றைய கண்ணால் பார்த்தால் எதுவும் விளங்காது. அது உலகக் கண்காட்சியோடு சேர்த்து மாதக்கணக்கில் இழுத்த போட்டி, தாங்கள் ஓடுவது ஒலிம்பிக் என்றே பல வீரர்களுக்குத் தெரியாது. தடகளம் நடந்த இடம் புலோன் காட்டுப் பூங்காவுக்குள் ஒரு மேடுபள்ளமான புல்தரை. வட்டெறிந்தால் போய் மரத்தில் விழும். 400 மீட்டர் தடை ஓட்டத்துக்கு தந்திக் கம்பங்களையே படுக்கப் போட்டிருந்தார்கள்! அந்தத் தரையில் பிரிட்சார்ட் ஐந்து போட்டிகளில் ஓடினார். தடை ஓட்டத்தில் அவரை முந்தியவர் அந்த ஒரே ஒலிம்பிக்கில் நாலு தங்கம் வாங்கிய அமெரிக்கர் ஆல்வின் கிரென்ஸ்லைன், மூன்றாவதாக வந்தவர் வால்டர் டியூக்ஸ்பரி. சில நாள் கழித்து தடை இல்லாத 200 மீட்டரில் அதே டியூக்ஸ்பரி 22.2 விநாடியில் முதலாவதாக வர, நம்மவர் 22.8-ல் இரண்டாவது.

நம்மவர் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நாட்டுக்கு ஒரு தேசிய ஒலிம்பிக் அமைப்பு, தேர்வு, சீருடை என்பதெல்லாம் பின்னால் வந்தவை. நம் இந்திய ஒலிம்பிக் சங்கமே 1927-ல்தான் பிறந்தது. அவர் ஓடப் பழகியது கல்கத்தாவில், அங்கேதான் ஏழு வருடம் ஜெயித்தார், பதக்கத்தோடு திரும்பி வந்து உட்கார்ந்த நாற்காலியும் அங்கேதான். இதற்கு மேல் எனக்கு ஆதாரம் வேண்டியதில்லை. அதற்காக, 1952 ஹெல்சின்கியில் மல்யுத்தத்தில் வெண்கலம் வாங்கிய ஜாதவைப் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் பதக்கம் அவருடையது, அந்தப் பெருமையை யாரும் அசைக்க முடியாது.

கேள்வி: பிறகு அவர் என்ன ஆனார்?
(ஒரு கல்லூரி மாணவி, தஞ்சாவூர்)

பதில்: 1905-ல் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். போய் நாடக நடிகரானார்! நார்மன் ட்ரெவர் என்று பெயரை மாற்றிக்கொண்டு, அமெரிக்கா சென்று நியூயார்க் மேடைகளில் நடித்து, அப்புறம் ஹாலிவுட் மௌனப் படங்களுக்கும் வந்தார். ரொனால்ட் கோல்மன் நாயகனாக நடித்து 1926-ல் வெளியான பெரிய படம் ஒன்றில் ராணுவ மேஜராக வருவார். 1929-ல் கலிஃபோர்னியாவில் காலமானார். அதற்கு முந்தைய வருடம் ஆம்ஸ்டர்டாமில் இந்திய ஹாக்கி அணி நம் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கியிருந்தது.