ரொட்டியில் வெண்ணெய் தடவியவர் யார்?

கேள்வி: இங்கிலாந்தின் கிராமத்து கிரிக்கெட் ஆட்டங்களில் இரண்டு இன்னிங்ஸுக்கும் நடுவே பரிமாறப்படும் தேநீர் விருந்தைக் கொரோனாவுக்குப் பிறகு பல கிளப்புகள் கைவிட்டுவிட்டன என்றும், அதற்காக அங்குள்ளவர்கள் மிகவும் வருந்துகிறார்கள் என்றும் படித்தேன். இரண்டு சாண்ட்விச்சும் ஒரு துண்டு கேக்கும் இல்லாமற்போனால் பாரம்பரியமே அழிந்துவிடுமா? இதைப் போய் இவ்வளவு பெரிதுபடுத்தலாமா?
வாசகர் ஒருவர், கோவில்பட்டி

பதில்: பெரிதுபடுத்தத்தான் வேண்டும். ஆனால் நீங்களும் சரி, வருந்துகிறவர்களில் பலரும் சரி, தட்டில் இருக்கும் சாண்ட்விச்சோடு நின்றுவிடுகிறீர்கள். அதைச் செய்தவருடைய சனிக்கிழமை எங்கே போயிற்று என்று கேட்கவில்லை.

22 ஆட்டக்காரர்கள், இரண்டு அம்பயர்கள், இரண்டு ஸ்கோரர்கள் என்று ஒரு பந்திக்கு 26 பேர். பகல் ஒரு மணிக்கோ ஒன்றரைக்கோ ஆட்டம் தொடங்கினால், நான்கு மணியளவில் மேசை நிறைந்திருக்க வேண்டும். அதற்கு வெள்ளிக்கிழமை மாலையே ரொட்டியும் ஹாமும் சீஸும் வாங்கி, இரவில் முட்டைகளை அவித்து உரித்து வைக்க வேண்டும். வெண்ணெயை முன்கூட்டியே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைக்காவிட்டால், தடவும்போது கத்தியோடு ரொட்டியும் பிய்ந்து வரும். வெள்ளரிக்காயை வெகு முன்னதாக உள்ளே வைத்தால் நீர் விட்டு ரொட்டி நைந்துபோகும். அறுத்த சாண்ட்விச்சை மூடாமல் விட்டால் ஓரம் காய்ந்து சுருளும். இவற்றோடு ஸ்கோன் என்னும் சிறு ரொட்டி, ஜாம், க்ரீம், வீட்டில் செய்த கேக் ஆகியவையும் வேண்டும்.

இத்தனைக்கும் மேலாக, பந்தி எத்தனை மணிக்கு என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பெவிலியன் சமையலறையில் தேநீருக்கு வெந்நீர் காய்ச்சும் பெரிய பாய்லர் கொதிப்பதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்கூட ஆகலாம். 40 ஓவர் ஆட்டம்தானே என்று நிதானமாக இருந்தால், முதலில் ஆடும் அணி இருபதாவது ஓவரிலேயே சுருண்டுவிடக்கூடும், அல்லது மழை வந்து அம்பயர்கள் இடைவேளையை முன்னதாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகையால் தேநீர் பொறுப்பில் இருப்பவர் ரொட்டியை அறுத்துக்கொண்டே ஜன்னல் வழியாக ஸ்கோர்போர்டையும் கவனித்துக்கொண்டிருப்பார். நான்கைந்து விக்கெட்டுகள் மளமளவென்று விழுந்தால், ஆட்டத்தின் போக்கு மாறிவிட்டதை உணர்ந்து முதலில் கை வைக்கிறவர் அவராகத்தான் இருப்பார். கை வைக்கும் இடம் பாய்லரின் ஸ்விட்ச். அரை மணி நேரத்தில் தட்டுகள் காலியாகி எல்லோரும் மைதானத்துக்குத் திரும்பிவிட, எச்சில் தட்டுகளோடும் கோப்பைகளோடும் அவர் சமையலறையிலேயே நின்றுவிடுவார்.

நெடுங்காலமாக இந்த இடத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் ஆட்டக்காரர்களின் மனைவியரும் தாய்மாரும்தாம். இதை ஆதியிலிருந்து வந்த வழக்கம் என்று சொல்ல முடியாது. 18ஆம் நூற்றாண்டில் ஹாம்ப்ஷயரின் ஹாம்பிள்டன் அணி பிராட்ஹாஃபென்னி டவுனில் ஆடிய நாட்களில், மைதானத்தின் ஓரத்திலேயே பேட் அண்ட் பால் என்ற விடுதி இருந்தது. அந்த விடுதியை நடத்திய ரிச்சர்ட் நைரன்தான் அணியின் தலைவரும்கூட. அங்கே உணவளிப்பது தொழில். அதற்குக் காசு உண்டு. கிரிக்கெட்டில் பெண்களுக்குரிய இடம் அடுப்படி மட்டுமே என்ற நிலையும் அக்காலத்தில் இல்லை. 1745 ஜூலை 26 அன்று சர்ரேயில், கில்ட்ஃபோர்டுக்கு அருகிலுள்ள கோஸ்டன் காமனில் பிராம்லி ஊர்ப் பெண்களும் அதே வட்டாரத்திலுள்ள ஹாம்பிள்டன் ஊர்ப் பெண்களும் (இது வேறு ஹாம்பிள்டன்) வெள்ளுடையில் ஆடிய ஆட்டம் பத்திரிகையில் பதிவாகியிருக்கிறது. அப்படிக் களத்தில் நின்றவர்களின் வழிவந்த பெண்களை, லண்டனின் பழம்பெரும் கிரிக்கெட் கிளப்பான எம்.சி.சி. உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்ள 1998 வரை ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ கிராமங்களில் அவர்களுடைய கிரிக்கெட் சமையலறை ஜன்னலோடு முடிந்துபோனது.

2020 ஜூலையில் கட்டுப்பாடுகளோடு ஆட்டங்கள் மீண்டும் தொடங்கியபோது தேநீர் விருந்துக்கு அனுமதி இல்லை. அவரவர் உணவை அவரவரே கொண்டுவர வேண்டியிருந்தது. தொற்று பரவுவதில் பந்தைவிடத் தேநீரும் உடைமாற்றும் அறையுமே சிக்கல் என்ற பொருள்பட அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சனே பேசினார். தடை நீங்கிய பிறகும் சில லீக்குகள் தேநீர் கட்டாயமில்லை என்று முடிவு செய்தன. செய்ய ஆள் கிடைக்கவில்லை, செலவு அதிகம், உணவு வீணாகிறது என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் எல்லாம் உண்மையே. இவற்றுள் முதற்காரணத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். கூலியும் இல்லாமல், பெயரும் இல்லாமல் ஒருவர் தம் கோடைக்காலச் சனிக்கிழமைகளையெல்லாம் தந்துகொண்டே இருக்க வேண்டும் என்று எந்தப் பாரம்பரியத்தின் பெயராலும் கேட்க முடியாது.

ஆயினும் இழப்பு சிறியதன்று. ஒன்றரை மணி நேரம் பவுன்சர் வீசி அச்சுறுத்தியவரும், அதைத் தாங்கி நின்றவரும் ஒரே நீள மேசையில் அடுத்தடுத்து அமர்ந்து தட்டை நகர்த்திக் கொடுத்துக்கொள்ளும் இடம் அது. ஆள் குறைவென்று சேர்க்கப்பட்ட பதினான்கு வயதுப் பையன், அறுபது வயது விக்கெட் கீப்பரோடு பேசப் பழகுவதும் அங்கேதான். வந்த அணிக்கு உள்ளூர் அணி உணவிடுவது என்ற முறையில், பகையாகிவிடக்கூடிய எத்தனையோ ஆட்டங்கள் பகையாகாமல் தப்பியிருக்கின்றன. தெற்காசியக் குடும்பத்துப் பிள்ளைகள் ஆடும் கிளப்புகளில் விக்டோரியா ஸ்பாஞ்ச் கேக்குக்குப் பக்கத்தில் சமோசாவும் பிரியாணியும் வந்து சேர்ந்ததும் இந்த மேசை வழியாகத்தான். அவரவர் தம் காரில் அமர்ந்து தம் டப்பாவைத் திறந்து சாப்பிட்டால் பசி அடங்கும். பக்கத்து ஊர்க்காரனின் பெயர்கூடத் தெரியாமலே பருவம் முடிந்துவிடும்.

ஆகவே தேநீர் விருந்து நிலைக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அதை ஆடுகிறவர்களே செய்ய வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பதினொருவரில் இரண்டு பேர் என்று முறை வைத்துக்கொள்ளும் கிளப்புகள் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் கேப்டனுக்கும் விலக்கு இருக்கக் கூடாது. வெளியாளை வைத்துச் செய்தால், ஆட்டக் கட்டணத்தோடு அவருக்குரிய கூலியையும் சேர்த்து வசூலிக்க வேண்டும். பழைய தேநீரை நினைத்து ஏங்குகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இத்தனை ஆண்டுகளில் எத்தனை கோப்பைகளைக் கழுவினீர்கள்? கழுவியவர்களின் வருத்தத்துக்கு நான் தலைவணங்குகிறேன். மற்றவர்கள் வரும் சனிக்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாக மைதானத்துக்குப் போய், வெண்ணெயை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைக்கட்டும்.