போனில் வருவதை ஆராயப் பழக்குவது: திருகோணமலை ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

உப்புவெளி ஆசிரியர்: சேர், முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு எதிலிருந்து தொடங்கலாம்?

“இன்றிரவு சுனாமி, எல்லோருக்கும் அனுப்புங்கள்” என்ற மாதிரிச் செய்தியிலிருந்து. அதைத் தாளில் அச்சடித்துக் கொடுங்கள். குறூப்பில் போட்டால் வகுப்பைத் தாண்டி ஊருக்குள் போய்விடும். நாலு பேருக்கு ஒரு தாள், 40 நிமிடம். யார் சொன்னது, எப்போது சொன்னது, வேறெங்கே பார்க்கலாம் என்று எழுதட்டும். பிறகு அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் நிலநடுக்கப் பட்டியலில் நேரம், அளவு, ஆழம் மூன்றையும் பார்க்கட்டும்.

சறுக்குவது இங்கேதான். பட்டியல் உலகப் பொது நேரத்தில் (UTC) இருந்தால், இலங்கை நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். கூட்டாமலே “நேரம் பொருந்தவில்லை, பொய்” என்று முடித்துவிடுவார்கள். மற்றப் பிழை, செய்தியின் வரிகளையே கூகிளில் தேடி, பத்து இடத்தில் கிடைத்தால் பத்துச் சாட்சி என்று எண்ணுவது. பத்தும் ஒரே வாயிலிருந்து வந்ததா என்று கேளுங்கள். ஸ்கிறீன்ஷொட் ஆதாரமல்ல என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மூதூர்: வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் பொய்தானே?

இல்லை. குறைந்தது ஐந்து தடவை கைமாறி வந்தது என்று மட்டுமே அர்த்தம். கொப்பி பண்ணி ஒட்டினால் குறி போய்விடும்.

கிண்ணியா: படம் எடுத்த திகதியைக் கண்டுபிடிக்கலாமா?

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் நீங்கிவிடும். எடுத்தவரிடம் மூலப் படத்தை ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஆள் தெரியாவிட்டால், படத்தின்மேல் எழுதியிருக்கும் வரிகளை வெட்டிவிட்டு, படத்தைக் கொண்டே தேடும் கூகிள் லென்ஸில் தேடி, கிடைப்பவற்றில் பழைய திகதியைப் பாருங்கள். ஸ்கிறீன்ஷொட் எடுத்துத் திகதி பார்த்தால், ஸ்கிறீன்ஷொட் எடுத்த நாள்தான் வரும்.

நிலாவெளி: சேர், 2004ஐப் பார்த்த ஊர் இது. ஆராய்ந்துகொண்டு நின்றால் உயிர் போகும். இதையா படிப்பிக்கச் சொல்றீங்கள்?

தங்கச்சி, உங்கள் பயம் நியாயமானது. ஓடுவது ஒரு முடிவு, அனுப்புவது இன்னொரு முடிவு; இரண்டையும் பிரித்துப் படிப்பியுங்கள். கடல் திடீரென்று உள்வாங்கினால், நிலம் பலமாக அதிர்ந்தால், போனைப் பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். அதில் ஆராய ஒன்றுமில்லை. ஆனால் சுமாத்திராவுக்கு அப்பால் அதிர்ந்தால் இங்கே அதிர்வு தெரியாமலே அலை வரலாம். 2004 டிசம்பர் 26இல் அலை இங்கு வந்துசேர ஏறக்குறைய 2 மணித்தியாலம் எடுத்தது, எச்சரிக்கைதான் வரவில்லை. இன்று 117க்கு அழைத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்தைக் கேட்கலாம்.

நிலாவெளி: லைன் கிடைக்காவிட்டால்?

சந்தேகமென்றால் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போங்கள். செய்தியை மட்டும் அனுப்பாதீர்கள். நாலு பொய் எச்சரிக்கைக்கு ஓடிய சனம் ஐந்தாவது உண்மைக்கு ஓடாது.

தம்பலகாமம்: பூட்டு அடையாளம் இருந்தால் தளத்தை நம்பலாமா?

கூடாது. இடையில் யாரும் வாசிக்க முடியாது என்பதற்குத்தான் பூட்டு. கள்ளனும் அதைப் போடலாம். முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) முன்னுள்ளதை வலமிருந்து இடமாக வாசிக்கப் பழக்குங்கள். முன்னுக்கு வங்கியின் பெயரும் கடைசியில், .com, .lk போன்ற முடிவுக்குச் சற்று முன், வேறு பெயரும் இருந்தால், தளம் கடைசிப் பெயர்க்காரருடையது.

சாம்பல்தீவு: செய்திச் சனலின் ஸ்கிறீன்ஷொட் என்றால் நம்பலாம்தானே?

கூடாது. ஸ்கிறீன்ஷொட் ஆதாரமல்ல என்று மேலே சொல்லியாயிற்று. அந்தச் சனலின் பக்கத்தை நீங்களே திறந்து, அதே தலைப்பும் திகதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.