ரீச்சரக்கா எங்கே சாப்பிடுவார்?

அன்பின் அக்கா,

எங்கள் வாசிகசாலை விழாவுக்கு ஒரு நகைச்சுவை நாடகம் போட யோசித்திருக்கிறோம். கதை தேடும்போது ‘த ஃபார்மர்ஸ் டாட்டர்’ என்ற பழைய அமெரிக்கத் தொடரின் சில பகுதிகள் இணையத்தில் அகப்பட்டன. மனைவியை இழந்த ஒரு காங்கிரஸ் உறுப்பினர், அவருடைய இரண்டு பையன்கள், அவருடைய தாய். அந்த வீட்டுக்குப் பிள்ளைகளைப் பார்க்க வருகிறாள் கேட்டி என்ற சுவீடன் வம்சத்துக் கிராமத்துப் பெண். பக்கத்தில் இருந்த அம்மம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு பார்த்தேன். நன்றாகச் சிரித்தா. பிறகு, “இந்தப் பிள்ளை சம்பளத்துக்கு நிக்குதோ, சொந்தக்காரியோ? எங்க இருந்து சாப்பிடுது?” என்று கேட்டா. எனக்குப் பதில் தெரியவில்லை.

கேட்டி செய்கிற ‘கவர்னஸ்’ வேலைக்கு நாங்கள் தமிழில் என்ன சொல்லலாம்? இந்தக் கதை திருகோணமலையில் நடந்தால் நம்புவார்களா? கடைசியில் இருவருக்கும் கலியாணம் செய்து வைக்கத்தான் வேண்டுமா?

ச.
உப்புவெளி

அன்பின் தம்பி,

அம்மம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது. எழுதத் தொடங்க முன்னம் அவவுக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள்.

முதலில் சொல். எங்களிடம் செவிலி, அதாவது வளர்த்த தாய், என்று ஒரு சொல் இருந்தது. சங்கப் பாட்டில் மகள் காதலனோடு போய்விட்டால், பெற்ற தாயான நற்றாய் வீட்டில் இருந்து அழுவாள். வெயிலில் பாலை வழியே தேடிப் போகிறவள் செவிலி. தோழி என்பவளே செவிலியின் மகள்தான் என்று தொல்காப்பியம் சொல்கிறது. அவ்வளவு நெருக்கம். ஆனால் செவிலி அந்த வீட்டோடு சேர்ந்தவள். கவர்னஸ் வெளியில் இருந்து சம்பளத்துக்கு வருகிறவள். பிள்ளைக்குத் தாய்போல நிற்பாள், மாதம் முடியச் சம்பள உறையை வாங்குவாள். அதோடு தமிழ்நாட்டில் இன்று செவிலியர் என்றால் ஆஸ்பத்திரித் தாதிமார். ஆகவே அந்தச் சொல் மேடைக்குச் சரிவராது. என் பெரியம்மாவின் மகளை, அவர் பார்த்த பிள்ளைகள் ‘ரீச்சரக்கா’ என்று கூப்பிட்டார்கள். ரீச்சர் என்றால் பயம், அக்கா என்றால் உரிமை. இரண்டையும் ஒட்டவைத்த அந்தப் பிள்ளைகளைவிட நல்ல மொழிபெயர்ப்பாளர் எனக்குக் கிடைக்கவில்லை. அதையே வையுங்கள்.

நீங்கள் பார்த்த தொடர் 1963 முதல் 1966 வரை அமெரிக்காவில் ஏபிசி தொலைக்காட்சியில் போனது, 101 பகுதிகள். அந்த வருடங்களில் இலங்கையில் தொலைக்காட்சியே இல்லை, அது 1979 இல்தான் வந்தது. எங்கள் வீடுகளில் அப்போது வானொலி நாடகம்தான். கேட்டியாக நடித்த இங்கர் ஸ்டீவன்ஸ் உண்மையிலேயே ஸ்டொக்ஹோமில் பிறந்தவர். அந்த வேடத்துக்கு 1964 இல் கோல்டன் குளோப் கிடைத்தது. ஆனால் கதை தொடருக்காகப் பிறந்ததல்ல. 1947 இல் இதே பெயரில் ஒரு படம் வந்தது, அதில் நடித்த லொறெற்றா யங்குக்கு ஒஸ்கார் கொடுத்தார்கள். அதற்கும் முன்னால், 1937 இல் பின்லாந்தில் எழுதப்பட்ட ஒரு மேடை நாடகம். எழுதியவர் ஹெல்லா வுவோலியொக்கி என்ற பெண். ஆணின் பெயரில் எழுதினார். பிறகு தானே பின்லாந்துப் பாராளுமன்றத்துக்கும் போனார்.

இதை வரிசையாக வைத்துப் பாருங்கள். நாடகத்தில் அவள் நாட்டுப்புறத்தில் இருந்து ஹெல்சிங்கிக்கு வந்து, அரசியலில் இருக்கும் ஒரு பெரிய மனிதரின் வீட்டில் வேலைக்காரியாகச் சேர்கிறாள். வேலை முடிந்த இரவுகளில் படித்து மேலே வருகிறாள். பின்லாந்துப் பெண்களுக்கு வாக்குரிமையும் தேர்தலில் நிற்கும் உரிமையும் 1906 இலேயே கிடைத்தன. அடுத்த வருடமே 19 பெண்கள் சபைக்குள் போனார்கள். குசினியில் நிற்கிற பெண்ணுக்குச் சபை எட்டாத இடமல்ல என்று தெரிந்த ஊர் அது. அமெரிக்கப் படத்திலும் அவள் வேலைக்காரிதான். ஆனால் வீட்டு எசமானின் கட்சிக்கு எதிராகத் தேர்தலில் நிற்கிறாள், வெல்கிறாள். தொடருக்கு வந்தபோது என்ன நடந்தது? அவளுக்கு இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தார்கள், தேர்தலைப் பறித்துவிட்டார்கள். எனக்கு அது இன்றைக்கும் கவலைதான். அரசியல் தெரிந்த பெண் வீட்டுக்குள் நின்றால்தான் அந்த வீட்டில் சிரிப்பு. வெளியே ஊருக்கே புத்தி சொல்கிறவர் உள்ளே வந்ததும், அவரைவிட நாலு விஷயம் கூடத் தெரிந்த ஒருத்தி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டு நிற்கிறாள். அதைத் தொடர் பாதியில் விட்டுவிட்டது.

ஆனாலும் பிள்ளைகளைக் கொண்டுவந்ததற்காகத் தொடரை எழுதியவர்களுக்கு நன்றி சொல்வேன். அது ஏன் என்பதை என் அக்காவின், அதாவது அந்த ரீச்சரக்காவின், கதையில் சொல்கிறேன். அந்தக் குடும்பத்தின் பெயரும் வருடமும் வேண்டாம். போர் முடிந்த பிறகு, கோட்டைப் பக்கமாக ஒரு வீடு. மனைவியை நோயில் இழந்த ஒரு அரசியல்வாதி. மூத்தவனுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை வருகிற வயது, சின்னவளுக்கு ஆறு. அக்கா பின்னேரம் மூன்று மணிக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்புவார். வேலை, பாடம் சொல்லிக்கொடுப்பது. இரண்டாவது கிழமையிலேயே தலை வாருவது, பாட்டி குளிசை போட்டாவா என்று பார்ப்பது, விறாந்தையில் இருக்கிற சனத்துக்குத் தேத்தண்ணி போனதா என்று கேட்பது எல்லாம் அதற்குள் வந்துவிட்டது. பாட்டியோ ஒவ்வொரு நாளும், “நீர் ரீச்சர், இதெல்லாம் நீர் செய்யக்கூடாது” என்று சொல்லிக்கொண்டே அடுத்த வேலையைக் கொடுப்பா.

விறாந்தையில் எப்போதும் பிளாஸ்டிக் கதிரைகள். இடமாற்றம் கேட்டு ஆசிரியர்கள், பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்கக் கடிதம் கேட்டு தாய்மார், சமுர்த்தி உதவிப்பணம் வெட்டுப்பட்டவர்கள், காணி உறுதி தொலைத்தவர்கள். மூதூரில் இருந்து காலையிலேயே வந்து காத்திருப்பவர்களும் உண்டு. தமிழ், சிங்களம், முஸ்லிம் பெண்கள் கதைக்கிற தமிழ் எல்லாம் ஒரே விறாந்தையில். மூத்தவன் வாசிப்புப் பயிற்சியை அங்கே இருந்துதான் செய்வான். உள்ளே ரீவி ஓடும்.

ஒருநாள் யாரோ கேற்றைச் சாத்தாமல் போய்விட்டார்கள். உங்களுக்குத்தான் தெரியுமே, எங்கள் ஊர்ப் புள்ளிமான் கோட்டைக்குள் மட்டும் நிற்பதில்லை. கடை வாசலுக்கும் வரும், பள்ளிக்கூட மதிலடிக்கும் வரும். இரண்டு மான் உள்ளே வந்து, அரைச்சுவரில் கல் வைத்து அடுக்கியிருந்த மனுக்களைச் சாப்பிடத் தொடங்கிவிட்டன. செயலாளர் துரத்தத் துரத்த, ஒன்று வாயில் ஒரு இடமாற்றக் கடிதத்தோடு கேற்றுக்கு வெளியே ஓடிவிட்டது. அந்த ஆசிரியை அழாத குறை. அக்கா மூத்தவனின் கொப்பியில் இருந்து தாள் கிழித்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சொல்லச் சொல்ல எழுதினார். கை உளைந்ததும் பேனாவைப் பையனிடம் கொடுத்தார். பெருமதிப்பிற்குரிய ஐயா, தாழ்மையுடன் அறியத் தருவது என்று பையனும் பதினைந்து இருபது மனு எழுதிவிட்டான்.

அதற்கு அடுத்த கிழமை அதே கட்டுக்குள் ஒரு மனு இருந்தது. அக்கா அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார், நான் பார்த்திருக்கிறேன். ஒற்றைக் கோட்டுக் கொப்பித் தாள், உருண்டை எழுத்து. “பெருமதிப்பிற்குரிய ஐயா, கடந்த மூன்று கிழமையாகத் தாங்கள் எங்களோடு இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. தங்கச்சி கேட்டால் மீட்டிங் என்கிறார்கள். தயவுசெய்து இதைக் கவனத்தில் எடுத்து ஒரு நாள் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் உண்மையுள்ள மகன்.” தகப்பன் போனில் கதைத்துக்கொண்டே மனுக்களில் கையெழுத்து வைத்துக்கொண்டு போனவர். பழக்கத்தில் இதன் மூலையிலும் ‘ஆவன செய்யவும்’ என்று எழுதிச் செயலாளரிடம் நீட்டிவிட்டார். செயலாளர் வாசித்தார். என்ன செய்வதென்று தெரியாமல் அக்காவிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

அக்கா அதைத் திரும்ப விறாந்தைக்குக் கொண்டுபோய், அத்தனை சனத்துக்கும் முன்னால், “ஐயா, இதில ஆவன செய்யவேண்டியது நீங்கதான்” என்று கையில் வைத்தார். சனம் முதலில் சிரித்தது. அவர் வாசித்து முடிக்கும்போது ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றிரவு மேசைக்கு வந்தார். கட்சிக்காரர் இரண்டு பேரும் கூடவே வந்துவிட்டார்கள், அது வேறு கதை.

இனித்தான் அம்மம்மாவின் கேள்வி. அக்கா அதுவரை சாப்பிட்டது படிக்கிற மேசையில், கொப்பிகளுக்கு நடுவில். சாரதியும் பொலிஸ்காரரும் பின் குசினியில் சாப்பிடுவார்கள், அங்கே அவரை இருக்க விடமாட்டார்கள், ரீச்சர் அல்லவா. பெரிய மேசைக்குக் கூப்பிடவும் மாட்டார்கள். சம்பளத்துக்கு நிற்பவர் அல்லவா. அன்றைக்குச் சின்னவள் அக்காவின் கோப்பையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, புட்டு சிந்தச் சிந்த நடந்து வந்து, தகப்பனுக்கும் ஒரு கட்சிக்காரருக்கும் இடையில் வைத்தாள். “ரீச்சரக்கா இஞ்ச” என்றாள். பாட்டி எதுவும் சொல்லவில்லை. சம்பல் கிண்ணத்தை அந்தப் பக்கம் தள்ளிவிட்டா.

தம்பி, இந்தக் கதையில் நான் எதையும் திருகோணமலைக்காகக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. மான், மனு, விறாந்தை எல்லாம் இங்கேயே கிடக்கிறவை. ஆகவே நம்புவார்களா என்ற பயம் வேண்டாம். எங்கள் நாட்டில் அரசியல் வீட்டில் ஆண் இறந்தால் மனைவி அந்த இடத்துக்கு வருவதை எல்லாரும் கண்டிருக்கிறோம். 1960 இல் சிறிமாவோ பிரதமரானதே அப்படித்தான். அதற்கும் முன்னர், 1932 இல், கணவர் பதவி இழந்ததும் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கில் நின்று வென்று அரசாங்க சபைக்குப் போனார். ஆண் போனால் கதிரையை நிரப்பப் பெண் வருவாள். பெண் போனால் அடுப்படியையும் பிள்ளையின் தலைமயிரையும் நிரப்ப அந்த ஆணுக்குத் தெரியாது. உங்கள் நாடகத்தின் சிரிப்பு முழுக்க அந்த இடத்தில் இருக்கிறது. அவரைக் கெட்டவராக்க வேண்டாம். தடுமாறுகிறவராக எழுதுங்கள்.

கலியாணம்? தொடரின் மூன்றாவது பருவத்தில் கேட்டிக்கும் அவருக்கும் கலியாணம் நடந்தது, அந்தப் பருவத்தோடு தொடரும் முடிந்தது. எனக்கு அது தேவையில்லை. கலியாணம் செய்து வைத்தால் அம்மம்மாவின் கேள்விக்குச் சுலபமான பதில் கிடைத்துவிடும்: சொந்தக்காரி, பெரிய மேசையில் சாப்பிடுவாள். சம்பளம் வாங்கிக்கொண்டே ஒருத்தி அந்த மேசையில் இருக்கலாம் என்று எழுதுவதுதான் கஷ்டம். அதைத்தான் நீங்கள் எழுதவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். என் அக்கா இரண்டு வருடம் அங்கே வேலை செய்தார், பிறகு அரச பாடசாலையில் நியமனம் கிடைத்துப் போனார். நியமனத்துக்கு அவர் அந்த வீட்டில் கடிதம் கேட்கவே இல்லை. அந்தப் பையன் இன்றைக்கும் புதுவருடத்துக்குப் போன் எடுப்பான்.

முதல் காட்சியை எழுதி அனுப்புங்கள். விறாந்தையில் எத்தனை கதிரை, அதில் யார் யார் என்பதை முதலில் எழுதுங்கள். மானை மேடைக்குக் கொண்டுவர வேண்டாம், கேற் திறக்கிற சத்தம் போதும். அம்மம்மாவை முதல் வரிசையில் இருத்துங்கள்.

அன்புடன்,
அக்கா