பாதிக் கதையில் விதிநூல் மாறும்போது: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதக் கடிதங்களில் பல, மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று ஆடும் பாத்திர ஆட்டங்களின் பதிப்பு மாற்றத்தைப் பற்றியவை. அவற்றுள் நான்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நாங்கள் ஐவர் 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளின்படி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடி வருகிறோம். பாத்திரங்கள் ஏழாம் லெவலை (வளர்ச்சிப் படியை) எட்டிவிட்டன. இருவர் அதைத் திருத்தி வந்த 2024ஆம் ஆண்டு நூலை வாங்கிவிட்டார்கள். மற்றவர்கள் பழையதே போதும் என்கிறார்கள். ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டராக இருக்கும் நான் கதையின் நடுவே விதிகளை மாற்றலாமா? மாற்றினால் பாத்திரத் தாள்களை எப்படித் திருத்துவது?

பதில்: மாற்றலாம். இருபது முகப் பகடை, ஆர்மர் கிளாஸ் (பாதுகாப்பு எண்), புரொஃபிஷியன்சி போனஸ் (தேர்ச்சிக்கான கூட்டெண்) ஆகிய அடித்தளங்கள் அப்படியே இருப்பதால், இது 2008இல் மூன்றாம் பதிப்பிலிருந்து நான்காம் பதிப்புக்குத் தாவியதைப் போன்ற பெரிய தாவல் அன்று. ஆனால் பழைய தாளில் அங்கங்கே அடித்துத் திருத்தி ஒப்பேற்றும் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வோர் ஆட்டக்காரரும் தம் பாத்திரம் மேசையில் வழக்கமாகச் செய்யும் இரண்டு மூன்று செயல்களை முதலில் எழுதிக்கொள்ளட்டும். பிறகு வெற்றுத் தாளில், புதிய நூலைக் கொண்டு, ஏழாம் லெவல் பாத்திரம் ஒன்றைத் தொடக்கத்திலிருந்து அமைத்து, அந்தச் செயல்கள் இன்னும் செய்யக் கூடியவையாக இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். பெயர், வரலாறு, சேர்த்த பொருள்கள் ஆகியவை மாற வேண்டியதில்லை.

புதிதாக அமைக்கும்போது மூன்று இடங்களில் கவனம் தேவை. பழைய விதியில் இனத்தோடு வந்த திறன் உயர்வுகள் இப்போது பின்னணியோடு வருகின்றன. பின்னணி ஒரு தொடக்க ஃபீட்டையும் (சிறப்புத் திறனையும்) தருகிறது. எனவே உங்கள் குழுவில் ஹாஃப் எல்ஃப் (பாதி மனிதர், பாதி எல்ஃப்) இருந்தால், புதிய நூலில் அந்த இனம் இடம்பெறவில்லையே என்று கலங்க வேண்டாம். பழைய நூலின் இனத்தையே வைத்துக்கொண்டு, அதன் திறன் உயர்வை மட்டும் விட்டுவிட்டுப் பின்னணியின் உயர்வைப் பெற்றால் போதும். அடுத்தது சப்கிளாஸ், அதாவது பாத்திரத்தின் கிளாஸுக்குள் (தொழில்வகைக்குள்) தேர்ந்தெடுக்கும் உட்பிரிவு. முன்பு கிளெரிக்கும் சார்சரரும் முதல் லெவலிலும், விசார்டும் டிரூயிடும் இரண்டாம் லெவலிலும் தேர்ந்தெடுத்ததை, இப்போது எல்லாரும் மூன்றாம் லெவலில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏழாம் லெவலில் இருக்கும் உங்களுக்கு இது ஒரு பொருட்டன்று.

மூன்றாவதுதான் மனத்தாங்கலை உண்டாக்கக் கூடியது. பழைய நூலில் பாலடின் என்னும் புனிதப் போர்வீரர், சண்டையில் தமக்கு வரும் ஒரே முறைக்குள் தாம் அடித்த ஒவ்வோர் அடியோடும் கூடுதல் சேதம் தரும் டிவைன் ஸ்மைட்டைச் சேர்க்க முடிந்தது. புதிய நூலில் அது, முறைக்கு ஒன்றே கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில் பயன்படுத்தும் மந்திரமாகிவிட்டதால், ஒரு முறைக்கு ஒன்றோடு நின்றுவிடுகிறது. பெரிய வாள் ஏந்தியவர்கள், அடிக்கும் வாய்ப்பில் 5ஐக் குறைத்துச் சேதத்தில் 10ஐக் கூட்டிக்கொண்ட பேரமும் போய்விட்டது. மறுபுறம் ஃபைட்டர், ரோக் போன்றோருக்கு ஆயுதத்துக்கு ஆயுதம் மாறுபடும் தேர்ச்சித் திறன்கள் கிடைத்துள்ளன. ஆதாயம் பெறுபவர் தாமாகவே மகிழ்ந்துகொள்வார். இழப்பவரிடம் நீங்கள் முன்கூட்டியே தனியாகப் பேசிவிட வேண்டும். முக்கியமான சண்டையின் நடுவே அவர் அதைக் கண்டுபிடிக்கும்படி விட்டால், குற்றம் விதிநூலின் மேல் விழாது, உங்கள் மேல்தான் விழும்.

மற்றவர்கள் பழைய கிளாஸிலேயே இருக்க விரும்பினால் இருக்கட்டும். ஆனால் பொதுவானவை எல்லாருக்கும் ஒன்றாக இருந்தாக வேண்டும். காயம் ஆற்றும் கியூர் வூண்ட்ஸ் மந்திரத்துக்குப் பழைய நூலில் ஓர் எட்டு முகப் பகடை, புதியதில் இரண்டு. ஒரே மேசையில் இரண்டு கிளெரிக்குகள் இரு வேறு விதமாகக் காயம் ஆற்றினால் ஆட்டம் வழக்காடு மன்றமாகிவிடும். களைப்பு நிலையும் அப்படியே: முன்பு ஆறு படிகளுக்கும் ஆறு வெவ்வேறு விளைவுகள் இருந்தன, இப்போது ஒவ்வொரு படிக்கும் இருபது முகப் பகடைச் சோதனைகளில் 2 குறைகிறது, வேகத்தில் 5 அடி குறைகிறது. எதிர்பாராமல் தாக்கப்பட்டவர் முன்பு முதல் முறையையே இழந்தார்; இப்போது யார் முதலில் ஆடுவது என்பதைத் தீர்மானிக்கும் இனிஷியேட்டிவ் பகடையில் பாதகத்தோடு (இருமுறை உருட்டிக் குறைந்த எண்ணை எடுத்து) உருட்டுகிறார். ஆகவே மந்திரங்கள், உடல்நிலைகள், செயல்வகைகள் மூன்றும் புதிய நூலின்படியே என்று அறிவித்துவிட்டு, கிளாஸை மட்டும் அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள்.

மாற்றத்தைச் சுரங்கத்தின் பாதி வழியில் செய்ய வேண்டாம். ஒரு சாகசம் முடிந்து பாத்திரங்கள் ஊர் திரும்பும் வரை பொறுத்திருங்கள். அதற்கு முன் கதையோடு தொடர்பில்லாத சண்டை ஒன்றைப் புதிய தாள்களோடு ஆடிப் பார்த்தால், சந்தேகங்களில் பெரும்பாலானவை அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: 1980களில் வந்த அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் சாகச நூல்கள் சில என்னிடம் உள்ளன. அவற்றை இன்றைய ஐந்தாம் பதிப்பு விதிகளில் நடத்த ஏதேனும் சூத்திரம் உண்டா?

பதில்: சூத்திரம் உண்டு; அதை அதிகம் நம்பக் கூடாது என்பதே என் கருத்து. அந்தக் காலத்தில் ஆர்மர் கிளாஸ் குறையக் குறையப் பாதுகாப்பு கூடியது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு அதைத் தலைகீழாக்கியது. ஆகவே 20இலிருந்து பழைய எண்ணைக் கழித்தால் புதிய எண் கிடைக்கும்: பழைய 4 என்பது இன்றைய 16. இரண்டாம் பதிப்பின் தாக்கோ எண்ணையும் (ஆர்மர் கிளாஸ் 0 உள்ளவரை அடிக்கத் தேவையான பகடை எண்ணையும்) 20இலிருந்து கழித்தால் தாக்குதல் போனஸ் கிடைக்கும். தாக்கோ 17 என்றால் போனஸ் 3. கணக்கு சரிதான். ஆனால் பழைய அளவுகோல் கழித்தல் 10 வரை இறங்கக் கூடியது. அதை மாற்றினால் 30 வரும். ஐந்தாம் பதிப்பிலோ டராஸ்க் என்னும் பேரசுர விலங்குக்கே 25தான். எண்களை இறுக்கமான எல்லைக்குள் வைத்திருப்பது இந்தப் பதிப்பின் வடிவமைப்புக் கொள்கை என்பதால், சூத்திரத்தால் பிறந்த அரக்கர்கள் அடிக்கவே முடியாதவர்களாகிவிடக் கூடும்.

எனவே எண்களை விட்டுவிட்டுப் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நூலில் ஆறு ஓகர் அரக்கர்கள் காவல் நிற்கிறார்கள் என்றால், மான்ஸ்டர் மேனுவல் என்னும் புதிய அரக்கர் தொகுப்பு நூலிலிருந்து ஓகரை எடுத்து நிறுத்துங்கள். எண்ணிக்கையை மட்டும் உங்கள் குழுவின் வலிமைக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளலாம். பழைய நூல்களின் ஐந்து வகைத் தற்காப்புச் சோதனைகளில் நஞ்சுக்கு உடலுறுதியையும், டிராகன் மூச்சுக்குச் சுறுசுறுப்பையும் வைத்து, மந்திரங்களுக்கு அந்தந்த மந்திரம் சொல்லும் திறனையே பயன்படுத்துங்கள். சோதனையில் தவறினால் உடனே சாவு என்று பழைய நூல் சொல்லும் இடங்களில் கடுமையான சேதத்தை வைப்பதே இன்றைய ஆட்டத்துக்குப் பொருந்தும். அந்தக் கொடுமைக்காகவே அந்நூல்களை விரும்புகிறவர்களும் உண்டு. உங்கள் குழு அப்படிப்பட்டதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பலர் கவனிக்கத் தவறுவது தங்கத்தை. அன்றைய விதிகளில் மீட்டு வந்த புதையலின் மதிப்பே லெவல் உயர்வதற்கான அனுபவப் புள்ளியாகவும் கணக்கிடப்பட்டதால், அச்சாகசங்களில் பொற்காசுகள் கொட்டிக் கிடக்கின்றன. இன்று புள்ளி அதிலிருந்து வருவதில்லை. காசை அப்படியே கொடுத்தால் மூன்றாம் லெவலிலேயே செலவழிக்க வழி தெரியாத செல்வந்தர்கள் உருவாவார்கள். ஒன்று காசைக் குறையுங்கள், அல்லது அரக்கர்களைக் கொல்வதற்குப் பதிலாகப் புதையலுக்கே புள்ளி தரும் பழைய முறையைத் துணிந்து திரும்பக் கொண்டுவாருங்கள். ஆட்டக்காரர்கள் சண்டையைத் தவிர்த்துத் தந்திரத்தை நாடத் தொடங்குவார்கள் என்பதால், இரண்டாவது வழியே எனக்குப் பிடித்தமானது.

இவ்வளவு உழைப்பும் வேண்டாம் என்றால், 1978இல் வெளியான டூம் ஆஃப் ஹாரர்ஸ் உள்ளிட்ட ஏழு பழைய சாகசங்களை ஐந்தாம் பதிப்புக்கு மாற்றி 2017இல் வெளியிட்ட டேல்ஸ் ஃப்ரம் தி யானிங் போர்ட்டல் இருக்கிறது. மாற்றுவது எப்படி என்று கற்கவும் அது நல்ல பாடநூல்.

கேள்வி: மாறாமலே இருந்துவிட்டால் என்ன? பழைய விதிகள் வழக்கொழிந்துவிடுமா?

பதில்: தாராளமாக இருக்கலாம். நான்காம் பதிப்பு வந்தபோது, மூன்றாம் பதிப்பின் திருத்தமான மூன்றரைப் பதிப்பைக் கைவிட மறுத்தவர்கள் ஏராளம். பைசோ நிறுவனம் அந்த விதிகளையே அடிப்படையாகக் கொண்டு 2009இல் வெளியிட்ட பாத்ஃபைண்டர் ஆட்டம் அவர்களை நம்பித்தான் வளர்ந்தது. 2014 விதிகளின் அடிப்படைத் தொகுப்பு, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் பொதுவில் வைக்கப்பட்டுவிட்டது. அந்த உரிமத்தைத் திரும்பப் பெற இயலாது. நடைமுறைத் தொல்லை வேறிடத்தில் இருக்கிறது: புதிதாகச் சேர்பவர் கடையில் காண்பது 2024 நூலாகவே இருக்கும். டி அண்ட் டி பியாண்ட் போன்ற மின்தாள்களைப் பயன்படுத்துகிறவர்கள், ஒரே பெயரில் இரண்டு மந்திரங்கள் இருந்தால் பழையது என்று குறியிடப்பட்டதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்களா என்றும் சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: கால் ஆஃப் கத்தூலு என்னும் திகில் பாத்திர ஆட்டத்தின் ஆறாம் பதிப்பிலிருந்து ஏழாம் பதிப்புக்கு மாறுவது கடினமா?

பதில்: இல்லை. வலிமை, அறிவு முதலான திறன்களை 5ஆல் பெருக்குங்கள்; 13 என்பது 65 ஆகும். தொழில்திறன்கள் ஏற்கெனவே சதவீதத்தில் இருப்பதால் அவற்றின் எண்களை மாற்ற வேண்டியதில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அதன் பாதியையும் ஐந்தில் ஒரு பங்கையும் எழுதிக்கொள்ளுங்கள், ஏனெனில் கடினமான சோதனைகளுக்கும் மிகக் கடினமானவற்றுக்கும் புதிய பதிப்பு அவற்றையே இலக்காகக் கொள்கிறது. இருவர் திறன்களை மோதவிடப் பயன்பட்ட பழைய எதிர்ப்பு அட்டவணை நீக்கப்பட்டுவிட்டது. அங்கே இரு தரப்பும் பகடை உருட்டி, யாருடைய வெற்றி உயர்ந்த படியில் இருக்கிறது என்று ஒப்பிட வேண்டும்.